புது ப்ரோபுக்கு முதல் பூஜை

கார்பன் ப்ரோபை உலைக்குள் செருகும் வேலையில் அவசரம் ஆகாது. ஏறக்குறைய ஒரு கை நீளமுள்ள உலோகக் குழாய் அது. நுனியில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு பீங்கான் துண்டு இருக்கும். உலைக்குள்ளே தொள்ளாயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கிறது. வெளியே குளிர்ந்து கிடந்ததை ஒரே தள்ளில் உள்ளே விட்டால் பீங்கான் விரிசல் விட்டுவிடும். ஆகவே ஓர் அங்குலம் தள்ளிவிட்டு ஐந்து நிமிடம் காத்திருந்து, பிறகுதான் அடுத்த அங்குலம் தள்ள வேண்டும். முழுதாக உள்ளே போய்ச் சேர ஒன்றரை மணி நேரமாவது ஆகும்.

என் பிழைப்பு இதுதான். திருப்பூரைச் சுற்றியுள்ள உலைக்கூடங்களுக்குப் போய் ப்ரோப் மாட்டுவேன், சரிபார்ப்பேன், செத்துப்போனதைக் கழற்றிப் புதிது போடுவேன். பெண் என்பதால், புதிதாகப் போகும் இடங்களில் வாட்ச்மேன் இன்னமும் என்னை ஆபீஸ் பக்கம் கை காட்டி அனுப்புகிறார். நான் கருவிப்பெட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு உலை இருக்கும் பக்கம் நடப்பேன்.

அவிநாசிபாளையத்துக்குப் பக்கத்தில், தாராபுரம் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கும் அந்த உலைக்கூடத்துக்கு நான் வேலைக்காக மட்டும் போனேன் என்று சொல்ல முடியாது. அங்கே போகும் நாளில் வேறு எந்த வேலையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதை நடத்தியவர்கள் இரண்டு பேர். ஒருவர் மற்றவருடைய தங்கையைக் கட்டியவர். அண்ணன்காரரை மச்சான் என்றும் தங்கை கணவரை மாப்பிள்ளை என்றும் ஒருவரை ஒருவர் அழைத்துக்கொள்வார்கள். அங்கே வேலை செய்தவர்களும் அப்படியே அழைத்ததால் எனக்கும் அதுவே அவர்கள் பெயராகிவிட்டது. மச்சான் வெளியே போய் ஆர்டர் பிடிப்பார். மாப்பிள்ளை உலையைப் பார்ப்பார்.

பனியன் துணி நெய்யும் வட்ட மெஷினுக்குள் ஊசிகளை மேலும் கீழும் ஏற்றி இறக்கும் சிறு எஃகுத் துண்டுகள் உண்டு. கேம் என்பார்கள். ஊசிகள் உரசிக்கொண்டே ஓடுவதால் அவற்றின் மேல்தோல் கெட்டியாக இருக்க வேண்டும், உள்ளே கொஞ்சம் இளக்கம் இருக்க வேண்டும். அதற்காகத்தான் உலையில் வைத்து எஃகின் மேல்தோலில் கரி ஏற்றுகிறார்கள். கரி குறைந்தால் சீக்கிரம் தேய்ந்துவிடும். கூடினால் கண்ணாடி போல உடையும். உலைக்குள் கரி எவ்வளவு இருக்கிறது என்று சொல்வது ப்ரோப். அது சொல்வதை வைத்து, கட்டுப்பாட்டுப் பேனல் கரி தரும் கேஸைக் கூட்டும், குறைக்கும்.

ப்ரோப் செருகும் அந்த ஒன்றரை மணி நேரமும் மாப்பிள்ளை ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். மச்சான் டீயோடு வருவார்.

"என்னங்க மாப்ளை, கல்யாணப் பொண்ணு ஊட்டுக்குள்ள கால் வெக்கற மாதிரி இருக்குது. எப்பத்தானுங்க உள்ள வருவா?"

"உங்க தங்கச்சி வந்தப்பவும் இதே கதைதானுங்க மச்சான். வாசல்லயே அரை மணி நேரம்."

"அது உங்கம்மா ஆரத்தி கரைக்கத் தெரியாம நின்ன நேரமுங்க. எங்க புள்ளை மேல பழி போடாதீங்க."

"மேடம், கேட்டுக்கங்க. எங்கம்மா காதுல உழுந்தா இவருக்கு அடுத்த தீபாவளிக்கு முறுக்கு கிடையாது."

அதற்குள் ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். மாப்பிள்ளை பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து ஓர் அங்குலம் தள்ளுவார். மறுபடி உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடருவார்.

அவர்கள் உலையின் பழைய ப்ரோப் அந்த ஆண்டு ஆயுத பூஜைக்குச் சில நாட்கள் முன்பு செத்துப்போனது. புதிது ஒன்றை மாட்டினேன். வழக்கம் போல எச்சரிக்கைகளைச் சொன்னேன். தண்ணீர் படக் கூடாது, உலைக்கு வெளியே நிற்கும் அதன் தலையில் எதுவும் இடிக்கக் கூடாது, வயரை இழுக்கக் கூடாது. இரண்டு பேரும் தலையாட்டினார்கள். பூஜைக்கு வரச் சொன்னார் மச்சான். அந்த முறை அதே நேரத்தில் என் வீட்டிலும் கருவிகளுக்குப் பூஜை என்பதால் போகவில்லை.

அவர் பூஜை செய்யும் விதத்தை முந்தைய வருடங்களில் பார்த்திருக்கிறேன். காலையிலேயே குளித்து, வேட்டி கட்டி, தானே சந்தனம் அரைப்பார். கடைச் சந்தனப் பொடியைத் தொட மாட்டார். மோட்டார், எண்ணெய்த் தொட்டி, கிரேன், பேனல், மொபெட், ஸ்பேனர்கள் என்று ஒன்று விடாமல் பொட்டு வைத்துக்கொண்டே போவார். பழைய பொருளுக்கு மோதிர விரலால் சின்னதாக ஒரு பொட்டு. அந்த வருடம் புதிதாக வந்த பொருள் என்றால் அதற்குத் தனி மரியாதை. கட்டைவிரல் நிறையச் சந்தனம் எடுத்து, நடுவில் அழுத்தி வைத்து, அதன் மேல் குங்குமம் இட்டு, ஒரு முழம் பூவும் சுற்றுவார். புதிதாக வந்தது அந்த இடத்தில் நிலைத்து உழைக்க வேண்டும் என்பது அவர் வேண்டுதல்.

தீபாவளி விடுமுறை முடிந்து கம்பெனிகள் திறந்த பிறகு, வழக்கமான சரிபார்ப்புக்காக நான் அங்கே போனேன். உலைக்கு முன்னால் ஸ்டூல் காலியாக இருந்தது. புதிய ஆபரேட்டர் ஒருவர் பேனலைப் பார்த்துக்கொண்டு நின்றார். மச்சான் ஆபீஸிலிருந்து வந்தார்.

"மாப்ளை ஊருக்குப் போயிருக்காருங்களா?" என்றேன்.

"வேலையை உட்டு நின்னுட்டாருங்க" என்றார். பிறகு நான் பெட்டியைத் திறந்து சாமான்களை எடுத்து வைக்கும்போது தானாகவே சொன்னார்.

நடந்தது இதுதான். வேலம்பாளையத்தில் நிட்டிங் மெஷின் பாகங்கள் செய்யும் பட்டறைக்காரர் ஒருவர் இவர்களுடைய முக்கியமான வாடிக்கையாளர். தீபாவளி அவசரத்தில் மெஷின்கள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த சமயம், இங்கே கரி ஏற்றி அவர் பனியன் கம்பெனிகளுக்குக் கொடுத்த கேம்கள் முனை உடைய ஆரம்பித்தன. உடைந்த முனையில் ஊசிகள் முறிந்தன. துணியில் நெடுக்காகக் கோடு விழுந்தது. பட்டறைக்காரர் ஒரு கையில் கோடு விழுந்த துணியும் மறு கையில் உடைந்த கேம்களுமாக நேரே இங்கே வந்து நின்றார்.

பேனல் காட்டிய அளவு சரியாக இருந்தது. பூஜைக்குப் பின் ஒரு நாள்கூட அது கோணவில்லை. கரி அளவு சரி என்றால், உலைக்குள் இருந்த நேரம்தான் கூடியிருக்க வேண்டும். மெல்லிய கேமை நேரத்துக்கு வெளியே எடுக்காமல் விட்டால் கரி உள்ளே வரைக்கும் இறங்கிவிடும். அந்த கேம்களை உலையில் போட்ட நாளில் மாப்பிள்ளை சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்காகத் தன் ஊரான வெள்ளகோவிலுக்குப் போயிருந்தார். எடுத்து வைத்துவிட்டுத்தான் போனேன் என்று அவர் சொன்னார். கூட நின்ற பீகார்த் தொழிலாளி விடுமுறைக்கு ஊருக்கு ரயிலேறியிருந்தார். அவர் போன் கிடைக்கவில்லை.

"ஷிம் போட்டுப் பாத்தரலாமுங்கன்னு மாப்ளை சொன்னாருங்க" என்றார் மச்சான். "பட்டறைக்காரரு, உடைஞ்சது கண்ணு முன்னால கெடக்குது, இன்னும் என்னத்தைப் பரிச்சை பாக்கறதுன்னாரு. எனக்கும் அப்படித்தான் பட்டுச்சுங்க."

ஷிம் என்பது காகிதம் போன்ற எஃகுத் தகடு. எடை போட்டு உலைக்குள் தொங்கவிட்டு, எடுத்து மறுபடி எடை போட்டால், கூடிய எடையிலிருந்து உலையில் உண்மையில் எவ்வளவு கரி இருக்கிறது என்று தெரிந்துவிடும். ப்ரோப் சொல்வது பொய்யா மெய்யா என்று கேட்க அது ஒன்றுதான் வழி.

"அப்புறம்?"

"பட்டறைக்காரரு, யாரை நம்பறதுன்னே தெரியலீங்கன்னு முணுமுணுத்துட்டே இருந்தாருங்க. நாந்தான் சொன்னேன், மாப்ளை, பர்னஸ் முன்னால ஒரு சூடத்தை அணைச்சுச் சொல்லிப்போடுங்க, பேச்சு முடிஞ்சுதுன்னு. அவரு வாயை அடைக்கத்தானுங்க சொன்னேன்."

மாப்பிள்ளை மறுக்கவில்லை. பூஜைத் தட்டில் மிச்சமிருந்த சூடத்தை எடுத்து, உலைக்கு முன்னால் தரையில் ஏற்றி, நேரத்துக்குத்தான் எடுத்தேன் என்று சொல்லி, உள்ளங்கையால் அணைத்தார். பட்டறைக்காரர் திருப்தியாகப் போய்விட்டார். மாப்பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டு சாவிக்கொத்தை மேஜை மேல் வைத்தார்.

"சத்தியம் பண்ணித்தான் இங்க நிக்கோணும்னா அது எனக்கு ஆகாதுங்க மச்சான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். தீபாவளிக்குத் தங்கை வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. இவர் கொடுத்தனுப்பிய சீர் துணியும் பிரிக்காமல் இருப்பதாகக் கேள்வி.

நான் வேலையை ஆரம்பித்தேன். ஷிம் தகட்டை எடை போட்டு உள்ளே விட்டேன். எடுத்து, ஆறவைத்து, மறுபடி எடை போட்டேன். கூடியிருந்த எடை மிக அதிகம். தராசில் கோளாறு என்று நினைத்து, அதைச் சமப்படுத்தி, வேறொரு தகட்டில் முதலிலிருந்து செய்தேன். அதே கணக்கு. பேனல் காட்டியது ஒன்று, உலையில் இருந்தது அதைவிட மிகக் கூடுதல்.

ப்ரோப் உலைக்குள் இருக்கும் வாயுவை வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் கணக்குச் சொல்லும். அந்த வெளிக்காற்றை, மீன் தொட்டிக்கு வைப்பது போன்ற ஒரு சின்ன பம்ப் மெல்லிய ட்யூப் வழியாக ப்ரோபின் தலைக்குள் அனுப்பும். ட்யூபைக் கழற்றி நுனியை ஒரு டம்ளர் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தேன். குமிழி நன்றாக வந்தது. பம்பில் குறை இல்லை. ட்யூபைத் திரும்ப மாட்டிவிட்டு, காற்று வெளியேறும் துளையில் விரலை வைத்தேன். துளை என்றால் குண்டூசித் தலை அளவுதான். மூச்சே இல்லை.

விரலை எடுத்தபோது குங்குமம் ஒட்டியிருந்தது. அதுவரை நானும் அந்தப் பொட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எல்லா மெஷினிலும்தான் பொட்டு இருக்கிறது. தலையின் சூட்டில் சந்தனம் சிமெண்ட் போல இறுகி, துளைக்குள் ஆழமாக இறங்கியிருந்தது. பழைய காற்று உள்ளேயே தங்கிவிட்டதால் ப்ரோப் கரியைக் குறைத்துச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. பேனல் அதை நம்பி கேஸைக் கூட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. திரையில் மட்டும் எல்லாம் சரி.

ஊசியால் கொஞ்சம் கொஞ்சமாகக் குத்தி எடுத்தேன். மச்சான் பக்கத்தில் நின்று பார்த்தார். காற்று ஓட ஆரம்பித்ததும் திரையில் எண் மெதுவாக ஏறத் தொடங்கியது. அவர் முதலில் அதைக் கவனிக்கவில்லை. அது ஏறி, ஏறி, எல்லையைத் தாண்டி, அலாரம் அலறியது. புதிய ஆபரேட்டர் ஓடி வந்தார்.

"அப்ப இத்தனை நாளும்?" என்றார் மச்சான்.

"இத்தனை நாளும் கரி கூடுதலாத்தான் போயிருக்குதுங்க."

"மாப்ளை நேரத்துக்குத்தான் எடுத்தாருங்களா?"

"அது எனக்குத் தெரியாதுங்க. ஆனா நேரத்துக்கே எடுத்திருந்தாலும் உடைஞ்சுதான் இருக்கும்."

அவர் என் உள்ளங்கையில் இருந்த சந்தனத் துகள்களைப் பார்த்தார். "வெச்சவன் நாந்தானுங்க" என்றார். "புதுசுன்னு நெறைய வெச்சேன்."

எனக்கு அந்த நிமிடம் இருந்தது சந்தோஷம் என்பதை இப்போது நினைத்தால் சங்கடமாக இருக்கிறது. காரணம் கிடைத்துவிட்டது. யார் மேலும் குற்றமில்லை. கழன்ற ட்யூபைத் திரும்ப மாட்டுவது போல எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிடும் என்று நினைத்தேன். அங்கேயே நின்று அவர் தங்கைக்குப் போன் செய்தேன். அந்தம்மாவை எனக்குப் பல வருடப் பழக்கம். நான் போகும் நாட்களில் அவர்தான் சாப்பாடு கொடுத்தனுப்புவார். சொன்னதை முழுதாகக் கேட்டுக்கொண்டார்.

"அண்ணன் பக்கத்துல இருக்காருங்களா?" என்று கேட்டார். "அவரையே வந்து சொல்லச் சொல்லுங்க."

மச்சான் மறுநாளே பழமும் வெற்றிலை பாக்குமாக வெள்ளகோவிலில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனார். அங்கே நடந்ததை அந்தம்மா பிறகு எனக்குப் போனில் சொன்னார்.

மாப்பிள்ளை வாசல் வரை வந்து வரவேற்றிருக்கிறார். இலை போட்டுச் சாப்பாடு நடந்திருக்கிறது. அவருடைய அம்மா முறுக்குத் தட்டைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். சந்தனம் அடைத்த விஷயத்தை மச்சான் முழுதாகச் சொல்லி, தப்பு என்னுதுதானுங்க மாப்ளை, வந்துருங்க என்று கூப்பிட்டிருக்கிறார்.

"சந்தனம் வெச்சது தப்பே இல்லீங்க மச்சான்" என்றாராம் மாப்பிள்ளை. "சாமிக்கு வெச்சது. அதை நான் ஏன் குத்தம் சொல்றேன்? ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மேடம் வந்து அதைக் கண்டுபுடிக்கலீன்னா, இன்னைக்கு நீங்க இங்க வந்திருப்பீங்களா?"

மச்சான் இலையில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாராம்.

"நான் சூடத்தை அணைச்சப்ப பட்டறைக்காரரு என் மூஞ்சியைப் பார்த்தாருங்க. நீங்க என் கையைத்தான் பாத்துட்டு இருந்தீங்க. நடுங்குதான்னு."

"அப்படி இல்லீங்க மாப்ளை."

"செரி உடுங்க. இன்னொரு கரண்டி ரசம் உட்டுக்கங்க."

கிளம்பும்போது மாப்பிள்ளை கார் வரைக்கும் வந்து, கதவையும் சாத்திவிட்டாராம். "அண்ணன்கிட்ட நல்லாத்தான் பேசறாருங்க" என்றார் அந்தம்மா. "சண்டை போட்டிருந்தா நான் நடுவுல பூந்திருப்பேன். இப்ப யாருகிட்டப் போய் என்னன்னு சொல்றது?"

பீகார்த் தொழிலாளி ஊரிலிருந்து திரும்பியதும் மச்சான் அவரைக் கேட்டிருக்கிறார். "டைம் பே நிகாலா, அண்ணா", நேரத்துக்குத்தான் எடுத்தோம், என்று அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். பட்டறைக்காரரிடமும் மச்சான் எல்லாவற்றையும் சொல்லி, கேம்களைப் புதிதாகச் செய்து கொடுத்தார். அந்த வாடிக்கை போகவில்லை. மச்சான் அன்று சூடத்தைக் கேட்டது அதைக் காப்பாற்றத்தான். அது இன்றும் வருகிறது.

மாப்பிள்ளை இப்போது வெள்ளகோவிலில் ஒரு எண்ணெய் ஆலையில் மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறார். காங்கயம் பக்கம் வேலை இருந்தால் அங்கிருந்து வெள்ளகோவில் வரை போய் அவர்கள் வீட்டில் நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டுப் போவேன். கொப்பரையின் ஈரத்தைப் பற்றிப் பேசுவார், மகளின் படிப்பைப் பற்றிப் பேசுவார். நான் செருப்பை மாட்டும்போது மட்டும் கேட்பார்.

"ப்ரோப் எப்படிங்க இருக்குது?"

"நல்லா இருக்குதுங்க."

"மாசம் ஒருக்கா ஷிம் போடச் சொல்லுங்க."

மச்சான் இப்போது மாதம் தவறாமல் ஷிம் போடுகிறார். துளைக்கு மேல் நான் ஒரு சல்லடை மூடி செய்து மாட்டியிருக்கிறேன். எங்கே போனாலும் புது ப்ரோப் மாட்டி முடித்ததும், தண்ணீர், இடி, வயர் என்று சொல்லிவிட்டு, பூஜைக்குப் பொட்டு வைப்பதானால் தாங்கும் கம்பியில் வையுங்கள், தலையில் வைக்காதீர்கள் என்றும் சொல்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். அடுத்த ஆயுத பூஜைக்கு மச்சான் என்னைக் கட்டாயம் வரச் சொன்னார், போனேன். எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவர் ப்ரோபின் முன்னால் வந்ததும் விரலில் இருந்த சந்தனத்தைத் துண்டில் துடைத்துவிட்டு அடுத்த மெஷினுக்குப் போனார்.

போன மாதம் அந்த ப்ரோபும் ஆயுள் முடிந்து மாற்ற வேண்டி வந்தது. புதியதைச் செருகும் வேலையை ஆபரேட்டரிடம் கொடுக்காமல் மச்சானே எடுத்துக்கொண்டார். ஸ்டூலில் உட்கார்ந்து, செல்போனில் நேரம் பார்த்து, ஓர் அங்குலம் தள்ளிவிட்டுக் காத்திருந்தார். டீ வந்தது. அதைக் கொண்டுவந்த ஆபரேட்டர் டம்ளர்களை வைத்துவிட்டுப் போய்விட்டார். ஐந்து நிமிடம் என்பது பேச ஆள் இல்லாதபோது மிகவும் நீளம். உலை உறுமிக்கொண்டிருந்தது. பாதி தூரம் போன பிறகு அவர் என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"போன வாரம் வெள்ளகோவில் பக்கம் போனீங்கன்னாங்க."

"ஆமாங்க. ஊட்டுக்கும் போயிருந்தேன்."

"ஏதாச்சும் கேட்டாருங்களா?"

"ப்ரோப் எப்படி இருக்குதுன்னு கேட்டாருங்க."

"என்ன சொன்னீங்க?"

"மாத்தற நேரம் வந்திருச்சுன்னு சொன்னேனுங்க."

"அதுக்கு?"

"மெதுவா உள்ள தள்ளச் சொன்னாருங்க. அவசரப்பட வேண்டாம்னாரு."

மச்சான் தலையாட்டினார். செல்போனை எடுத்து நேரம் பார்த்தார். இன்னும் ஐந்து நிமிடம் ஆகவில்லை. கையை ப்ரோபின் மேல் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார்.